கிறிஸ்துமஸுக்குள் தீர்க்க வேண்டிய மாவு

ஆர்லி எதையும் தீர்த்துவிடுகிற ஆள் இல்லை. வளைந்த ஆணியைத் தூக்கி எறிய மாட்டார். சுத்தியலால் தட்டி நிமிர்த்திக் காப்பி டின்னில் போட்டு வைப்பார். அப்படி நிமிர்த்தி வைத்த ஆணிகள் மட்டுமே ஏழு டின் இருந்தன. மளிகைக் கடைக் காகிதப் பை, பார்சல் கட்டி வந்த சணல், ஜோடி என்றைக்காவது திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் ஒற்றைக் கையுறைகள், எல்லாம் அந்த வீட்டில் இருந்தன. மரம் அறுக்கும் மில்லில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தும் விரல் பத்தும் முழுசாக வைத்திருக்கிறார் என்றால், அதுவும் எதையும் விடாத அந்தக் குணத்தால்தான் என்று ஓப்பல் கேலி செய்வாள்.

ஓப்பல் அவருடைய மனைவி. போன அக்டோபரில் போய்விட்டாள்.

போவதற்கு ஆறு வாரம் முன்னால், எழுந்து உட்காரத் தெம்பு இருந்த ஒரு நாளில், சமையலறை மேஜைமேல் துணியை விரித்து இரண்டு டின் கலவை மாவு போட்டாள். ஒன்று ஆர்லிக்கு. இன்னொன்று டேட்டன் நகரத்தில் ஆலை வேலை பார்க்கும் மகள் வெர்லீனுக்கு. அந்த வார இறுதியில் ஊருக்கு வந்திருந்த வெர்லீன் தன் டின்னைக் காரில் வைத்துக் கொண்டுபோய்விட்டாள். மைதா, பேக்கிங் பவுடர், உப்பு, பன்றிக்கொழுப்பு எல்லாம் முன்கூட்டியே சேர்த்துப் பிசிறி வைத்த மாவு அது. வேண்டும்போது பாலை ஊற்றிக் கிளறினால் போதும். பெண்களுக்குச் சமையல் சொல்லித்தர மாவட்ட அலுவலகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாளே, நாற்பத்தெட்டாம் வருடம், அவளிடம் ஓப்பல் கற்றது. தினமும் விடியலில் மாவில் கை வைக்கச் சோம்பல்பட்டவளின் வேலை என்று ஓடைக்கரைப் பெண்கள் முகத்தைச் சுளித்தார்கள். ஓப்பலின் பிஸ்கட்டைத் தின்ற பிறகு, டின் எவ்வளவு பெரிசாக இருக்க வேண்டும் என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள்.

அந்தக் கென்டக்கி மலையில் பிஸ்கட் என்றால் டீயில் நனைத்துத் தின்கிற மொறுமொறு வட்டம் இல்லை. இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நிற்கும். மேலே பொன்னிறம், உள்ளே பஞ்சு. சூட்டோடு பிளந்தால் ஏடு ஏடாகப் பிரியும், வெண்ணெயை வைத்தால் தானாக உருகி இறங்கிவிடும். காலையில் பிஸ்கட் வாசனை வராத வீட்டைப் பார்த்தால், அங்கே யாருக்கோ உடம்பு சரியில்லை என்றுதான் ஊரில் நினைப்பார்கள்.

அன்றைக்கு மாவைப் பிசிறிக்கொண்டே ஓப்பல் அவருக்குப் பாடம் எடுத்தாள்.

"ரெண்டு கப் மாவு, முக்கால் கப்புக்குக் கொஞ்சம் கம்மியா பாலு. கேக்குறியா ஆர்லி?"

"கேக்குறேன்."

"போட்டுப் பிசையாதே. எட்டுப் பத்துத் தடவை மடிச்சுத் தட்டு, போதும். உருட்டுக்கட்டையால லேசா உருட்டிவிட்டு, வெட்டுற டின்னை நேரா அமுக்கி நேரா எடு. திருகாதே. திருகினா ஓரம் ஒட்டிக்கும், அப்புறம் மேல எழும்பாது."

"சரி."

"குளிரறையிலேயே வெச்சிரு. கிறிஸ்துமஸுக்குள்ள தீர்த்துடு. அதுக்கு மேல தாங்காது. பத்திரப்படுத்துறேன் பேர்வழின்னு எடுத்து வெச்சே, எழுந்து வந்து உதைப்பேன்."

எல்லாவற்றுக்கும் ஆர்லி தலையாட்டினார். ஒன்றும் காதில் ஏறவில்லை. மாவு படிந்திருந்த அவளுடைய மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அது மரக்கரண்டிக் காம்பு அளவுக்கு இளைத்துப் போயிருந்தது.

அடக்கம் முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவர் செய்த முதல் காரியம், மலைச்சரிவில் குடைந்திருந்த குளிரறைக்குப் போய் அந்த டின்னை மேலே கொண்டு வந்தது. இருட்டிலும் குளிரிலும் ஏற்கெனவே ஒருத்தியை விட்டுவிட்டு வந்தாயிற்று, அவள் கைபட்ட மாவையுமா விடுவது? நிலக்கரி அடுப்புக்கு மேலே இருந்த பலகையில் வைத்தார். அங்கே கதகதப்பாக இருக்கும், சாப்பிடும்போது கண்ணிலும் படும். மூடியைத் திறக்கவில்லை. திறந்தால் தீர ஆரம்பித்துவிடும், அவ்வளவுதான் அவருடைய கணக்கு. கிறிஸ்துமஸ் வந்தது, போனது. கடையில் வாங்கிய உப்பு பிஸ்கோத்தையும் டின் மத்தி மீனையும் நின்றபடியே தின்றுவிட்டு, தினமும் அந்த டின்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச்சில் மகளிடமிருந்து கடிதம் வந்தது. இங்கே ஓர் அறை காலி செய்து வைத்திருக்கிறேன், வந்துவிடுங்கள், அங்கே தனியாக என்னத்தைச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டிருந்தாள். ஆர்லி வாய் கூசாமல் ஒரு பொய் எழுதினார். வாயால் சொல்லாமல் பென்சிலால் எழுதியதால் இன்னும் சுலபமாக வந்தது. தினமும் காலையில் பிஸ்கட் சுடுகிறேன், அசல் உன் அம்மா சுட்ட மாதிரியே வருகிறது.

பதில் ஒரே வாரத்தில் வந்தது. மே கடைசியில் அம்மாவுக்குப் பூ வைக்க, கல்லறை அலங்கார ஞாயிற்றுக்கு வருகிறேன். சனிக்கிழமை காலை மேஜையில் பிஸ்கட் இருந்தால் டேட்டன் பேச்சையே இனி எடுக்க மாட்டேன். இல்லாவிட்டால் ஞாயிறு சாயங்காலம் பெட்டியோடு என் காரில் ஏறிவிட வேண்டும். சம்மதமா?

சம்மதம் என்று எழுதாமல் வேறென்ன எழுதுவது?

டேட்டனை அவர் பார்த்திருக்கிறார். ஒரு வாரம் தங்கியும் இருக்கிறார். சன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சன்னல். நடக்கலாம் என்று கிளம்பினால், நடந்து போய்ச் சேர ஓர் இடம் இல்லை. மகள்மேல் அவருக்கு உயிர்தான். ஆனால் இங்கே வாசலில் நின்றால் எதிர் மேட்டில் கல்லறைத் தோட்டத்து வேலி தெரியும். அதற்குள் இடமிருந்து மூன்றாவது ஓப்பல். தினமும் காப்பிக் கோப்பையோடு அந்தப் பக்கம் பார்த்து நிற்பதை விட்டுவிட்டு எங்கே போவது? போனால் செத்துப்போவேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அப்படித்தான் நினைத்தார்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பக்கத்து வீட்டு ஓஸி வந்தாள். அவளும் தனியாள்தான், புருஷன் போய் நாலு வருடம். அவர்களுடைய சபையில் எல்லாரும் எல்லாருக்கும் அண்ணன் தங்கை.

"நாளைக்குப் பொண்ணு வருதாமே, ஆர்லி அண்ணே?"

"வருது."

"தபால்காரர் சொன்னாரு. பந்தயம் கட்டியிருக்கியாமே, பிஸ்கட் சுடுறேன்னு?"

"தபால்காரருக்கு லெட்டர் கொடுக்குற வேலைதானே? படிக்கிற வேலை எப்போ கொடுத்தாங்க?"

"அத விடு. விடியறதுக்குள்ள ஒரு தட்டு சுட்டு மூடிக் கொண்டாந்து வெச்சிடறேன். நீ சுட்டதுன்னு சொல்லிக்க. யாருக்குத் தெரியப் போவுது?"

ஆர்லிக்கு நாக்கு நுனிவரை 'சரி' வந்துவிட்டது. ஆனால் அந்த ஊரில் புருஷனை இழந்தவள் சுட்ட பிஸ்கட், மனைவியை இழந்தவன் மேஜைக்கு வந்தால், தட்டு திரும்பிப் போவதற்குள் பாதிரியார் நாள் பார்த்துவிடுவார்.

"வேணாம் தங்கச்சி. மாவு இருக்கு. ஓப்பல் போட்டு வெச்சது."

"ஓப்பல் போட்டதா?" ஓஸி பலகையில் இருந்த டின்னையும் அதற்குக் கீழே இருந்த அடுப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். என்னவோ சொல்ல வாயெடுத்தவள், அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரிண்ணே, பாத்துக்க" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

சனிக்கிழமை விடிந்ததும் ஆர்லி முகம் கழுவி, சுத்தமான சட்டை போட்டுக்கொண்டு டின்னைக் கீழே இறக்கினார். மூடி இறுகியிருந்தது. திருப்புளியால் நெம்பினார். நெம்பும்போது, முதல் மூச்சுக்கு ஓப்பலின் காலை வாசனை வரும் என்று கண்ணை மூடிக்கொண்டார்.

பழைய வர்ண டப்பாவைத் திறந்த மாதிரி ஒரு வாடை வந்தது.

மூக்குக்கு உடனே புரிந்துவிட்டது. மனசு ஒத்துக்கொள்ளவில்லை. இரண்டு கப் அள்ளினார், பாலை ஊற்றினார், கிளறினார். எட்டு மாதத்துக்கு முன்னால் கேட்காமல் விட்ட சொற்கள் துண்டு துண்டாகத் திரும்பி வந்தன. எட்டுப் பத்துத் தடவை மடிச்சுத் தட்டு. அது நினைவிருந்தது. திருகு என்றாளா, திருகாதே என்றாளா? இரண்டு பக்கமும் அறுத்த பால் டின்தான் ஓப்பலின் வெட்டும் கருவி. அதை மாவில் வைத்து அமுக்கியதும், வாழ்நாளெல்லாம் திருகாணி முடுக்கிய கை தன் வழக்கத்துக்குத் திருகிவிட்டது. அடுப்புச் சூடு பார்ப்பது மட்டும் அவருக்குக் கைவந்த வேலை. அதற்கு ஓப்பல் அவரைத்தான் கூப்பிடுவாள். கையை அடுப்புக்குள் நீட்டி எட்டு எண்ணுவதற்குள் பொறுக்க முடியாமல் இழுத்தால் சரியான சூடு.

ஆறு வட்டம் வெட்டியது போக ஓரத்தில் கந்தலாகக் கொஞ்சம் மாவு மிஞ்சியது. அதையும் சேர்த்து அழுத்தி, கோணல்மாணலாக ஒன்று செய்து தட்டின் மூலையில் வைத்தார். வெர்லீன் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் கோணல் பிஸ்கட் அவளுக்கு என்று தனிச் சட்டமே இருந்தது. மற்றதெல்லாம் ஒரே மாதிரி இருக்கும், இது மட்டும் ஒரு நாள் கரடி, ஒரு நாள் ஆமை. அது என்ன என்று சொன்னால்தான் ஓப்பல் கையில் கொடுப்பாள். மூன்று பேரும் அந்தச் சின்ன மேஜையில் முழங்கையை இடித்துக்கொண்டு உட்கார்ந்த அந்தக் காலைகளுக்கு இன்றைக்கும் எதையும் கொடுத்துவிடலாம் என்று ஆர்லிக்குத் தோன்றியது.

பத்து நிமிடம் கழித்து அடுப்புக் கதவைத் திறந்தார். உள்ளே வைத்தது எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது, சிவந்திருந்தது மட்டும்தான் வித்தியாசம். ஒன்றுகூட எழும்பவில்லை. அதற்குள் வாசலில் கார் சத்தம் கேட்டது.

வெர்லீனுக்கு முப்பது வயது. ஓப்பலின் நெற்றி, ஆர்லியின் பிடிவாதம். உள்ளே வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டாள். பிறகு பந்தயக்காரி மாதிரி நேராக மேஜைக்குப் போய் உட்கார்ந்தாள். ஆர்லி தட்டைக் கொண்டு வந்து வைத்தார். கோணலானதை எடுத்து அவள் பக்கம் வைத்தார்.

அவள் அதைப் பார்த்தாள். "செருப்பு" என்றாள் மெதுவாக.

"எனக்கு வாத்து மாதிரி இருந்துச்சு."

பிளக்கப் பார்த்தாள், பிளக்க வரவில்லை. கடித்தாள். மென்றாள். மெல்ல மெல்ல அவள் தாடை நின்றுபோனது. துப்பவும் இல்லை, விழுங்கவும் இல்லை.

"அப்பா, அம்மாவோட டின்னை எங்க வெச்சிருந்தீங்க?"

ஆர்லி தாடையால் பலகையைக் காட்டினார்.

"அடுப்புக்கு மேலயா?" எழுந்து போய் மேஜை ஓரத்தில் இருந்த டின்னைத் தூக்கினாள். பழையபடி அதே கனம். உள்ளே எட்டிப் பார்த்தாள். முழுசாக இருந்த மாவின் ஓரத்தில் இரண்டு கப் குழி மட்டும். "இத்தனை மாசத்துல ஒரு நாள்கூடச் சுடலியா?"

"இன்னிக்குச் சுட்டேன்ல."

வெர்லீனுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆர்லி நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் தொடைமேல் வைத்துக்கொண்டார்.

"சூடா இருக்கட்டும்னு நெனச்சேன், வெர்லீன். குளிர்ல வைக்க மனசு வரல. தீர்த்துடுன்னு சொன்னா. நான்தான் கேக்கல. கடைசியா அவ கையால செஞ்சு கொடுத்தது, அதையும் நானே கெடுத்துட்டேன்." அடக்கத்தன்றுகூட அழாத மனுஷன், ஒரு டின் மாவுக்கு அழுதார்.

மகள் கொஞ்ச நேரம் அவர் தோளில் கை வைத்து நின்றாள். பிறகு வெளியே போய்க் காரிலிருந்து தன் டின்னை எடுத்து வந்து மேஜையில் வைத்தாள். அதே அளவு, அதே கைப்பிடி.

"என்னோடத நான் மூணே வாரத்துல தின்னு தீர்த்துட்டேன்பா. ஷிப்டு முடிஞ்சு வந்து தெனமும் சுட்டேன். தீர்ந்தா அம்மா மறுபடி போட்டுத் தரும்னு நெனச்சுக்கிட்டேன். தெரியும், இருந்தாலும் அப்படித்தான் நெனச்சேன். அம்மா போன அன்னிக்கு இதுக்குள்ள ஒரு பிடிகூட இல்ல."

"அப்ப இதுல இருக்குறது?"

"கடையில மஞ்சப் பெட்டியில விக்கிறாங்களே, அந்த மாவு. வாங்கி வாங்கி இதுல கொட்டி வெச்சுக்குவேன். மூடியைத் திறந்தா வெறும் தகரம் தெரியக்கூடாது, அதுக்குத்தான்."

ஆர்லி இரண்டு டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

வெர்லீன்தான் முதலில் மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். "சரி, பந்தயத்துக்கு வருவோம். மேஜையில பிஸ்கட் இருந்துச்சு, இல்லேன்னு சொல்லல. ஆனா லெட்டர்ல பொய் இருந்துச்சு. ரெண்டும் கழிஞ்சு போச்சு. நாளைக்குக் காலையில மறுபடி சுடுங்க. நீங்களே, தனியா. பெட்டி மாவு வேணா தர்றேன்."

"பெட்டி மாவுல ஜெயிச்சா அது ஜெயிப்பு இல்ல."

"அப்போ அம்மா மாவை யாரு போடுறது? எதுல எவ்வளவுன்னு எழுதி வெச்சிருக்கா?"

"அவ எதை எழுதினா? கடைக்குப் போறப்ப என் கையில கொடுக்குற சீட்டைத் தவிர."

சொல்லிவிட்டு ஆர்லி நிறுத்தினார். கதவுக்குப் பின்னால் பார்த்தார். வெர்லீனும் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு பெரிய ஆணியில், பதின்மூன்று வருடத்துக் கடைச் சீட்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் குத்தி, ஒரு சாண் தடிமனுக்குத் தொங்கின. ஒன்றைக்கூட ஆர்லி எறியவில்லை.

முதலில் கெட்டுப்போன மாவை ஒரு வழி செய்ய வேண்டியிருந்தது. குப்பையில் கொட்ட ஆர்லிக்குக் கை வரவில்லை. கோழிகளுக்குப் போடலாம் என்றாள் வெர்லீன். அவர் தொப்பியைக் கழற்றி வேலிக்கம்பில் மாட்டிவிட்டு, கை கையாக அள்ளிப் போட்டார். கோழிகளுக்கு வாடையாவது ஒன்றாவது. ஒன்றன்மேல் ஒன்று ஏறி, சிறகை அடித்துக்கொண்டு தின்றன. ஓப்பல் பார்த்திருந்தால், உன்னைவிட இதுங்களுக்குப் புத்தி இருக்கு ஆர்லி என்றிருப்பாள்.

பிறகு சீட்டுகளை மேஜையில் பரப்பினார்கள். ஓப்பலின் சாய்ந்த கையெழுத்தில் எல்லாம் ஒரே பாட்டாக இருந்தது. மைதா ஐந்து பவுண்டு. அதற்குப் பக்கத்தில் 'வெறும் மைதா' என்று மூன்று கோடு போட்டிருந்தாள்.

"எதுக்குப்பா மூணு கோடு?"

"ஒரு தடவை சோடா உப்பெல்லாம் கலந்தே வர்ற மைதாவை வாங்கியாந்துட்டேன். அதுல இவ மறுபடி பேக்கிங் பவுடரைப் போட, மாவு அடுப்புக் கதவைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துச்சு. மூணு மைல் திருப்பி நடக்க வெச்சா. கோடு ஒண்ணுக்கு ஒரு மைல்."

பேக்கிங் பவுடர் ஒரு சீட்டு விட்டு ஒரு சீட்டில்தான் இருந்தது. அப்படியானால் தடவைக்கு அரை டின். வீட்டுப் பன்றிக்கொழுப்பு தீர்ந்துபோகும் கோடை மாதங்களில் மட்டும் 'கொழுப்பு, இரண்டு பவுண்டு' என்று இருந்தது.

"ரெண்டு பவுண்டும் இல்லப்பா," என்றாள் வெர்லீன். "முட்டை பொரிக்கிறதுக்கு ஒரு பெரிய கரண்டி எடுத்துத் தனியா வெச்சிரும். நான்தான் கிண்ணத்தை நீட்டுவேன்."

"உப்பு சீட்டுல எங்கயும் இல்லியே?"

"உப்பு உள்ளங்கைக் குழியில. ரெண்டு குழி. பிசிறுறது எனக்குத் தெரியும். இங்க இருந்தப்ப அதுதானே என் வேலை? கட்டி தட்டாம, சோள ரவை மாதிரி ஆகுற வரைக்கும். கையில அமுக்கினா பிடியா நிக்கணும், விட்டா உதிரணும்."

இவருக்கு அளவு தெரிந்தது, அவளுக்குக் கை தெரிந்தது. இத்தனை நாள் இரண்டு பேரும் அந்த மாவு போயே போய்விட்டது என்று தனித்தனியாக அழுதுகொண்டிருந்தார்கள்.

கடைக்குப் போய் வந்து, ஓப்பல் விரித்த அதே துணியை விரித்தார்கள். வெர்லீன் மாவையும் கொழுப்பையும் விரல்களுக்கு நடுவே தேய்த்து உதிர்த்தாள். ஆர்லி பக்கத்தில் நின்று சல்லடையை ஆட்டினார். அவளுடைய மணிக்கட்டுவரை மாவு ஏறியிருந்தது. நல்ல திடமான மணிக்கட்டு. அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், ஆனால் இந்தத் தடவை அவள் சொன்னதையும் கேட்டார்.

ஞாயிறு காலை வெர்லீன் காப்பிக் கோப்பையை எடுத்துக்கொண்டு கோழிக்கூண்டுப் பக்கம் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். பேச்சு பேச்சுதான். ஆர்லி தனியாக இரண்டு கப் மாவு எடுத்தார். பால், முக்கால் கப்புக்குக் கொஞ்சம் கம்மி. மடித்துத் தட்டினார். அரை அங்குலத்துக்கு உருட்டினார். பால் டின்னை மாவில் வைத்து அமுக்கினார். கை திருகப் பார்த்தது. உடனே இடது கையால் வலது மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். அப்படியே நேராகத் தூக்கினார். ஆறு தடவையும், திருடனைப் பிடித்த போலீஸ்காரர் மாதிரி, தன் கையைத் தானே பிடித்து வைத்துக்கொண்டுதான் வெட்டினார்.

பத்து நிமிடத்தில் அடுப்புக் கதவைத் திறந்தார். திறந்தபடி நின்றுவிட்டார்.

"வெர்லீன்! ஏ வெர்லீன்! வந்து பாரேன்!"

இரண்டு விரல் உயரத்துக்கு எழும்பி நின்றன. ஒன்று பக்கத்து வீட்டை எட்டிப் பார்ப்பதுபோலச் சாய்ந்திருந்தது, பரவாயில்லை. அந்த வாசனை சமையலறை முழுக்க நிறைந்தது. எட்டு மாதமாக வராத வாசனை. ஆர்லி ஒரு நொடி கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார், ஓப்பல் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு உள்ளே வருவாள் என்பதுபோல. வெர்லீன்தான் வந்தாள்.

வெண்ணெயும் சோளத்தட்டைப் பாகும் வைத்து மூன்று பிஸ்கட்டை அவள் தின்று முடித்தாள். அப்புறம் விரலை நக்கிக்கொண்டு சொன்னாள்:

"என்னோட வேலை பாக்குற ஒரு பொண்ணு ரூம் தேடிக்கிட்டு இருக்குப்பா. டேட்டன்ல அந்த ரூமை அதுக்கு விட்டுடறேன்."

ஆர்லி தலையைக் குனிந்துகொண்டு, மிச்ச மாவில் செய்த கோணலான பிஸ்கட்டை எடுத்து அவள் தட்டில் வைத்தார்.

கல்லறைத் தோட்டத்தில் வழக்கம்போலப் பாட்டும் ஜெபமும் முடிந்து, மரத்தடியில் நீள மேஜைகளில் எல்லாரும் கொண்டுவந்ததைப் பரப்பினார்கள்; கிளம்புமுன் ஆர்லி சுட்ட இன்னொரு தட்டு பிஸ்கட்டும் அதில் இருந்தது. ஓப்பலின் கல்லறைமேல் காகிதப் பூவும் வீட்டு ரோஜாவும் வைத்துவிட்டு அப்பாவும் மகளும் வந்து சேர்ந்தார்கள். அதற்குள் ஓஸி இரண்டாவது பிஸ்கட்டைப் பிளந்துகொண்டிருந்தாள்.

"உங்கம்மா கைப்பக்குவம் அப்படியே வந்திருக்கு உனக்கு" என்றாள் வெர்லீனிடம்.

"நான் இல்ல, அப்பா சுட்டது."

ஓஸி மெல்லுவதை நிறுத்தி ஆர்லியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தாள். "ஆர்லி அண்ணே, முன்னாடியே தெரிஞ்சிருந்தா ஒரு தட்டு சுட்டுக் கொண்டாறேன்னு நான் சொல்லியிருக்க மாட்டேன். காலித் தட்டைத் தூக்கிட்டு வந்திருப்பேன்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். வெர்லீன் கொண்டு வந்த மஞ்சள் பெட்டி மாவு கடைசியில் ஓஸி வீட்டுக்குத்தான் போனது. சோம்பேறிகளின் வேலை என்று முதலில் முகம் சுளித்தவளே அவள்தான். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

சாயங்காலம் வெர்லீன் கிளம்பத் தயாரானாள். ஆர்லி அவளுடைய டின்னைக் கழுவித் துடைத்து, புது மாவைப் போட்டு, தச்சுப் பென்சிலால் மூடிமேல் எழுதினார். காரில் வைத்துக் கொடுக்கும்போது அவள் வாங்கிப் பார்த்து முகத்தைச் சுருக்கினாள். ஒரு குலுக்குக் குலுக்கினாள். மூடியைத் திறந்தாள்.

"என்னப்பா இது, பாதிதான் இருக்கு? இவ்வளவு மாவு போட்டோமே! இதையும் எடுத்து வெச்சுக்க ஆரம்பிச்சுட்டீங்களா?"

"மூடியில என்ன எழுதியிருக்கு, படி."

"'ஜூலைக்குள் தீர்த்துடு.'" அவள் நிமிர்ந்தாள். "தீர்ந்தா?"

"காலி டின்னை எடுத்துக்கிட்டு வா." ஆர்லி கார்க் கதவின் விளிம்பைத் தடவிக்கொண்டு நின்றார். "உங்கம்மா வாய்வரைக்கும் ரொப்பிக் கொடுத்தா. அவளால மறுபடி ரொப்ப முடியாதுன்னு அவளுக்குத் தெரியும். எனக்கு அப்படி இல்ல."

வெர்லீன் மூடியை அழுத்தி மூடினாள். டின்னைப் பின்சீட்டில் வைக்கவில்லை, முன்னால் தன் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கார் ஓடையைத் தாண்டித் திருப்பத்தில் மறையும்வரை ஆர்லி வாசலில் நின்றார். பிறகு உள்ளே போய், தன் டின்னைத் தூக்கிக்கொண்டு குளிரறைக்கு நடந்தார்.